நர்சிங் சீட்: ஊரில் ஒரே பட்டியல், அங்கே காலேஜுக்கு ஒரு கணக்கு

நம்ம ஊரில் பி.எஸ்சி. நர்சிங் சேரும் வழி எல்லோருக்கும் தெரிந்ததுதான். ப்ளஸ் டூ மார்க், தேர்வுக் குழுவுக்கு விண்ணப்பம், தரவரிசைப் பட்டியல், இனச்சுழற்சி, கலந்தாய்வு. பென்னாகரத்துப் பெண்ணும் சென்னைப் பெண்ணும் ஒரே பட்டியலில்தான் இருப்பார்கள். அதே பழக்கத்தில் அமெரிக்கா போய் இறங்குகிறவர்கள், அங்கேயும் பேரைப் பதிந்தால் போதும், ஒருநாள் நம் முறை வரும் என்று இருந்துவிடுகிறார்கள். வருஷம் ஓடிவிடுகிறது.

நான் கலிஃபோர்னியாவில் நர்ஸாக வேலை பார்த்துவிட்டு இப்போது காவேரிப்பட்டணத்தில் இருக்கிறேன். கிருஷ்ணகிரி, தர்மபுரி, ஓசூர் என்று சுற்றுப்பட்டிலிருந்து பெற்றோர் தேடி வருவார்கள். "பாப்பா வெயிட்டிங் லிஸ்ட்ல இருக்காளாம்க்கா, எப்பங்க கூப்பிடுவாங்க?" என்பார்கள். "எந்தக் காலேஜுங்கண்ணா? அங்க எப்படி ஆள் எடுக்கறாங்க?" என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இருக்காது. பாப்பாவுக்கே தெரியாது. அந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்துகொள்வதுதான் அங்கே முதல் வேலை. புதிதாகப் போய்ச் சேர்ந்த பிள்ளைகளுக்காகவும் மருமகள்களுக்காகவும் இதை எழுதுகிறேன். கலிஃபோர்னியா எனக்குப் பழக்கம் என்பதால் அந்தக் கணக்கைச் சொல்கிறேன். மற்ற மாநிலங்களில் விதி மாறும், கேட்க வேண்டிய கேள்வி மாறாது.

ஏன் இவ்வளவு நெரிசல்

ஆஸ்பத்திரிகளில் நர்ஸ் பற்றாக்குறை என்று ஒருபக்கம் பேச்சு, இன்னொரு பக்கம் காலேஜில் இடமில்லை என்கிறார்கள். இரண்டும் நிஜம். வகுப்பறையைப் பெரிதாக்கிவிடலாம், ஆனால் வார்டில் பயிற்சி கொடுக்க ஆஸ்பத்திரி இடம் தரவேண்டும், ஓர் ஆசிரியருக்கு இத்தனை மாணவர்கள்தான் என்று வரம்பு உண்டு. அந்த ஆசிரியர்கள் கிடைப்பதே கஷ்டம், ஏனென்றால் அதே படிப்புக்கு ஆஸ்பத்திரியில் சம்பளம் அதிகம். 2023-ல் மட்டும் அமெரிக்க நர்சிங் கல்லூரிகள் பட்டப்படிப்புக்கும் மேல்படிப்புக்கும் வந்த தகுதியான விண்ணப்பங்களில் 65,766-ஐத் திருப்பி அனுப்பின. இது விண்ணப்பங்களின் எண்ணிக்கை, ஆட்களின் எண்ணிக்கை இல்லை. ஒரே ஆள் பல காலேஜுக்குப் போடுவார். அதனால் இந்த எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம், ஒரே காலேஜுக்கு மட்டும் போட்டுவிட்டு உட்காரவும் வேண்டாம்.

மூன்று விதமான கதவுகள்

ஒன்று, நிஜமான வரிசை. தகுதிப் பாடங்களை முடித்தவர்கள் விண்ணப்பித்த தேதிப்படி உள்ளே போவார்கள். இங்கே ஒருநாள் முந்தினாலும் லாபம்தான். இரண்டாவது, குலுக்கல். குறைந்தபட்சத் தகுதி இருப்பவர்கள் எல்லோர் பேரையும் போட்டு எடுப்பார்கள். பல இடங்களில் போன தடவை விழாத பேர் இந்தத் தடவைக்குத் தானாக வராது, மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். மூன்றாவது, புள்ளி முறை. கலிஃபோர்னியாவின் அரசு சமுதாயக் கல்லூரிகளில், அதாவது கம்யூனிட்டி காலேஜ்களில், இது நிறைய. இங்கே நீங்கள் எத்தனை வருஷம் காத்திருந்தீர்கள் என்பதை விட, அந்த வருஷங்களில் என்ன செய்தீர்கள் என்பதே எண்ணப்படும்.

புள்ளி முறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் நம்ம பிள்ளைகளுக்குச் சேரவேண்டிய புள்ளிகளை அவர்களே கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். தகுதிப் பாடங்களில் எடுத்த கிரேடுக்கும் நுழைவுத் தேர்வுக்கும் புள்ளி உண்டு, அது எல்லோருக்கும் தெரியும். கலிஃபோர்னியாவின் சட்டம் இன்னும் சிலவற்றையும் பட்டியலில் வைத்திருக்கிறது. ஏற்கெனவே ஒரு பட்டம் வாங்கியிருப்பது. மருத்துவத் துறையில் வேலையோ தொண்டோ செய்திருப்பது. குடும்ப வருமானம் குறைவாக இருப்பது. குடும்பத்தில் முதன்முதலாகக் காலேஜ் வாசல் மிதித்தவராக இருப்பது. ஆங்கிலம் தவிர வேறு மொழி தெரிந்திருப்பது. அந்த மொழிகளில் இந்தியத் துணைக்கண்டத்து மொழிகளையும் சட்டமே சேர்த்துச் சொல்கிறது.

ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து போன ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். அப்பா அம்மா இருவரும் பத்தாவது தாண்டாதவர்கள், வீட்டில் தமிழ், பாட்டியோடு தெலுங்கு. ஓசூர்ப் பக்கமாக இருந்தால் கன்னடமும் வரும். இதையெல்லாம் அந்தப் பெண் தன் ஊரின் சாதாரண விஷயம் என்று நினைப்பாள், படிவத்தில் எழுதவே மாட்டாள். எழுதுங்கள். மொழிக்கு என்ன சான்று கேட்கிறார்கள், முதல் தலைமுறைப் பட்டதாரி என்பதற்கு எந்தக் காகிதம் வேண்டும் என்று அந்தக் காலேஜின் நர்சிங் கவுன்சிலரிடம், அதாவது மாணவர்களுக்கு ஆலோசனை சொல்பவரிடம், மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு காலேஜும் தனக்கான புள்ளிப் பட்டியலைத் தன் தளத்தில் போட்டிருக்கும். ஓட்டிப் போய்வரக்கூடிய தூரத்தில் இருக்கும் எல்லாக் காலேஜ்களின் பட்டியலையும் அச்செடுத்து அருகருகே வைத்துப் படித்தால், உங்களுக்கு எது தோதான காலேஜ் என்பது ஒரு மாலையில் தெரிந்துவிடும்.

தகுதிப் பாடங்களிலேயே தொடங்கும் காத்திருப்பு

உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல் மூன்றும் ஆய்வகத்தோடு முடித்திருக்க வேண்டும். இதோடு ஆங்கிலக் கட்டுரைப் பாடம், பெரும்பாலும் புள்ளியியல். இந்த வகுப்புகளுக்கே இடம் கிடைப்பது பாடு. உடற்கூறியல் வகுப்பு பதிவு திறந்த அன்றே நிரம்பிவிடும். முதலில் யாருக்குப் பதிவு திறக்கும் என்பதற்கும் வரிசை உண்டு. புதிய மாணவர்கள் ஓரியண்டேஷன் என்ற அறிமுக வகுப்பை முடித்து, கவுன்சிலரோடு உட்கார்ந்து கல்வித் திட்டம் போட்டிருந்தால் முன்கூட்டியே பதிவு செய்யும் நாள் கிடைக்கும். வந்து இறங்கிய வாரமே அந்த இரண்டையும் முடியுங்கள்.

அப்படியும் வகுப்பு நிரம்பிவிட்டால் காத்திருப்போர் பட்டியலில் பேரைப் போட்டுவிட்டு, முதல் நாள் வகுப்புக்கு நேரில் போய்விடுங்கள். இதை நம்ம பிள்ளைகள் செய்யத் தயங்குகிறார்கள், இடம் கிடைக்காத வகுப்புக்கு எப்படிப் போவது என்று கூச்சம். அங்கே இது வழக்கம். பேராசிரியர் வருகைப் பட்டியலை வாசிப்பார், வராதவர்களை நீக்குவார், சுவரோரம் நிற்கும் பிள்ளைகளைப் பட்டியல் வரிசைப்படி கூப்பிட்டு ஆளுக்கொரு சேர்க்கை எண் கொடுப்பார். அந்த எண்ணைக் கெடு தேதிக்குள் கணினியில் போட்டால் வகுப்பு உங்களுடையது. வராதவர்களுக்கு அந்த வாய்ப்பே இல்லை.

ஊரில் படித்த விலங்கியல், தாவரவியல் எல்லாம் இந்தப் பாடங்களுக்கு ஈடாகுமா என்று கேட்பார்கள். ஆய்வக அறிவியலில் வெளிநாட்டுப் பாடத்தைப் பல காலேஜ்கள் ஏற்பதில்லை, சில காலேஜ்கள் ஐந்து அல்லது ஏழு வருஷத்துக்குள் படித்திருக்க வேண்டும் என்கின்றன. அதற்காக பி.எஸ்சி., பி.இ. பட்டம் வீண் என்று அர்த்தமில்லை. வெளிநாட்டுப் படிப்பை மதிப்பிடும் நிறுவனத்திடம் சான்று வாங்கிக் கொடுத்தால் பட்டத்துக்கான புள்ளி கிடைக்கும், பொதுப்பாடங்கள் சில கழியலாம். பட்டதாரிகளுக்கென்று 12 முதல் 18 மாதத்தில் முடியும் துரித நர்சிங் பட்டமும் உண்டு, ஆனால் தனியார் கல்லூரிகளில் அதன் கட்டணம் மிக அதிகம்.

இரண்டு வருஷ அசோசியேட் படிப்பா, நான்கு வருஷப் பட்டமா என்று குழம்ப வேண்டாம். இரண்டையும் முடித்தவர்கள் எழுதுவது என்கிளெக்ஸ் என்ற ஒரே உரிமத் தேர்வுதான், வாங்குவது ஆர்.என்., அதாவது பதிவு பெற்ற நர்ஸ் என்ற ஒரே உரிமம்தான். அசோசியேட் முடித்து வேலைக்குப் போய்க்கொண்டே பட்டத்தை ஆன்லைனில் முடித்தவர்கள் ஏராளம். காசு யோசித்துச் செலவழிக்கும் குடும்பத்துக்கு நான் எப்போதும் இந்த வழியைத்தான் சொல்வேன்.

டீஸ் என்ற நுழைவுத் தேர்வு 170 கேள்விகள், 209 நிமிடம். கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்களில் குறைந்தது 62 சதவீதம் வேண்டும், புள்ளிக்கு அதற்கும் மேலே. தமிழ் வழியில் படித்தவர்கள் அறிவியலுக்குப் பயப்படுவார்கள். நான் பார்த்தவரை அவர்களுக்கு அறிவியல் வந்துவிடுகிறது, வாசிப்புப் பகுதியில்தான் நேரம் போதவில்லை. தினமும் கடிகாரம் வைத்து ஆங்கிலப் பத்திகள் படிப்பதைத் தவிர இதற்கு வேறு வழியில்லை.

கட்டணமும் விசாவும்

கலிஃபோர்னியாவில் குடியிருப்பவர் என்ற தகுதி கிடைத்தால் கம்யூனிட்டி காலேஜில் ஒரு யூனிட்டுக்கு (பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகு) 46 டாலர்தான். கிடைக்காவிட்டால் அதைப்போலப் பல மடங்கு. அதற்கு ஒரு வருஷமும் ஒரு நாளும் அந்த மாநிலத்தில் குடியிருந்ததைக் காட்ட வேண்டும். எச்-4 விசாவில், அதாவது எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் மனைவியாகவோ கணவராகவோ பிள்ளையாகவோ வந்தவர்களும் இந்தத் தகுதியைப் பெறலாம். ஆகவே வீட்டு ஒப்பந்தத்தில் உங்கள் பேரையும் சேர்க்கச் சொல்லுங்கள், ஓட்டுநர் உரிமம், வங்கிக் கணக்கு இரண்டையும் உடனே எடுங்கள். கணவர் பேரில் மட்டும் எல்லாம் இருந்தால் ஒரு வருஷம் கழித்து உங்கள் கையில் காட்ட ஒன்றும் இருக்காது.

எச்-4-ல் படிக்கலாம், சம்பளத்துக்கு வேலை செய்ய அனுமதி அட்டை வேண்டும். கணவருடைய ஐ-140 மனு (கிரீன் கார்டுக்காக அவருடைய கம்பெனி போடுவது) ஏற்கப்பட்டிருந்தால் அந்த அட்டைக்கு விண்ணப்பிக்கலாம், 2015-லிருந்து இருக்கும் விதி இது. சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாதவர்கள் வரி எண்ணைக் காட்டி நர்ஸ் உரிமத்துக்கு விண்ணப்பிக்க கலிஃபோர்னியா அனுமதிக்கிறது. மத்திய அரசின் கல்வி உதவி எச்-4-க்கு இல்லை, கிரீன் கார்டு இருந்தால் உண்டு. அப்பாவின் எச்-1பி-யில் வந்த பிள்ளைகளுக்கு 21 வயதில் எச்-4 முடிந்துவிடும் என்பதை வைத்து வருஷங்களைக் கணக்குப் போடுங்கள்.

சீட் வாங்கித் தருகிறேன் என்பவர்கள்

நெரிசல் இருக்கும் இடத்தில் இவர்களும் இருப்பார்கள். 2023 ஜனவரியில் ஃப்ளோரிடாவில் 7,600-க்கும் மேல் போலி நர்சிங் சான்றிதழ்கள் விற்ற கும்பலைப் பிடித்தார்கள். விசாரணைக்குப் பெயரே ஆபரேஷன் நைட்டிங்கேல். காசு கொடுத்து வாங்கியவர்கள் பலர் உரிமத்தை இழந்தார்கள். நர்ஸ் உரிமம் தரும் மாநில நர்சிங் போர்டின் தளத்தில் அங்கீகாரம் பெற்ற காலேஜ்களின் பட்டியலும், ஒவ்வொரு காலேஜிலும் என்கிளெக்ஸ் எத்தனை சதவீதம் பேர் தேறினார்கள் என்பதும் இருக்கும். அங்கே பேர் இல்லாத காலேஜுக்கு ஒரு டாலர்கூடக் கட்டாதீர்கள். காவேரிப்பட்டணத்தில் மாந்தோப்பை அடமானம் வைத்துப் பணம் அனுப்பிய குடும்பத்தை எனக்குத் தெரியும், அந்தக் காசு திரும்பவில்லை.

ஊரிலேயே நர்சிங் முடித்தவர்கள்

டி.ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமோ அல்லது பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டுப் போனவர்கள் முதல் வருஷத்திலிருந்து மறுபடி படிக்கத் தொடங்காதீர்கள். முதலில் மாநில போர்டுக்கு விண்ணப்பித்து உங்கள் படிப்பை மதிப்பிடச் சொல்லுங்கள். பாடமும் வார்டு பயிற்சியும் ஒரே காலத்தில் நடந்ததா என்று கலிஃபோர்னியா பார்க்கும். மகப்பேறோ மனநலமோ குறைகிறது என்று பதில் வந்தால் அந்தப் பாடத்தை மட்டும் படித்தால் போதும். அதற்கும் இடம் கிடைக்க அலையத்தான் வேண்டும், ஆனால் முழுப் படிப்பையும் திரும்பப் படிப்பதற்கு அது எவ்வளவோ மேல்.

ஊரிலிருந்து சேர்க்க வேண்டியவை

பேர்தான் பெரிய தலைவலி. மார்க் ஷீட்டில் எம். கவிதா, பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி, விசாவில் முதல் பெயர் இடத்தில் எஃப்.என்.யு., அதாவது 'முதல் பெயர் தெரியவில்லை' என்ற மூன்று எழுத்து. அதுவே ஓட்டுநர் உரிமத்திலும் ஏறிவிடும். என்கிளெக்ஸ் அன்று அடையாள அட்டையும் அனுமதிச் சீட்டும் ஒத்துப்போகாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். இன்னும் விமானம் ஏறாதவர்கள் அப்பா பேரைக் குடும்பப் பெயராகப் போட்டு பாஸ்போர்ட்டைத் திருத்திக்கொள்ளுங்கள். போய்விட்டவர்கள் தூதரகத்தில் மாற்றுங்கள், இரண்டு பேரும் ஒரே ஆள்தான் என்று நோட்டரி பத்திரமும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, வார்டு பயிற்சிக்குக் காட்ட வேண்டிய தடுப்பூசி. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டு வளர்ந்த பிள்ளைகளுக்குப் புட்டாளம்மைக்கும் சின்னம்மைக்கும் ஊசி போட்டிருக்க மாட்டார்கள், அரசு அட்டவணையில் அவை இல்லை. அம்மை வந்து போயிருந்தால் ரத்தப் பரிசோதனையே காட்டிக்கொடுத்துவிடும். ஹெபடைடிஸ் பி மூன்று ஊசிக்கு ஆறு மாதம் ஆகும், ஆகவே சீட் கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். காசநோய்க்குத் தோலில் ஊசி போட்டுப் பார்ப்பார்கள். நமக்கெல்லாம் பிறந்ததும் பி.சி.ஜி. போட்டிருப்பதால் தடித்துக்கொள்ள வாய்ப்புண்டு. ரத்தத்தில் பார்க்கும் குவான்டிஃபெரான் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

ஊரில் நர்சிங் முடித்தவர்களுக்கு டிரான்ஸ்கிரிப்ட், அதாவது படித்த பாடங்களும் மார்க்கும் அடங்கிய ஆவணம், வாங்கும் வேலை இங்கிருக்கும் அப்பாக்களுடையது. பி.எஸ்சி. நர்சிங் என்றால் கிண்டியில் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம், பதிவுச் சரிபார்ப்புக்கு சென்னையில் இருக்கும் தமிழ்நாடு நர்ஸ் கவுன்சில். உறையை முத்திரையோடு அவர்களே நேராக அமெரிக்காவுக்கு அனுப்ப வேண்டும், வீட்டில் பிரித்துப் பார்த்து அனுப்பினால் செல்லாது. மகள் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதம், பாஸ்போர்ட் நகல், மார்க் ஷீட் நகல்கள் எல்லாம் கொண்டு போங்கள். கடிதத்தில் இருக்கும் கையெழுத்து பாஸ்போர்ட்டில் இருப்பது போலவே இருக்கிறதா என்று பஸ் ஏறுவதற்கு முன்னால் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.