போத்தலில் உள்ள இலக்கத்தை மட்டும் நம்பி வேப் வாங்க வேண்டாம்

விடுமுறையில் கல்லடிக்கு வந்திருக்கும் என்னிடம், அடுத்த மாதம் படிப்புக்காக லண்டன் புறப்படவிருக்கும் அக்காவின் மகன், அம்மா உள்ளே போன நேரம் பார்த்து, "மாமா, அங்க வேப் வாங்கக்குள்ள மூன்றா, இருபதா வாங்கிற?" என்று மெல்லக் கேட்டான். வேப் என்பது நிகொட்டின் கலந்த திரவத்தை ஆவியாக்கி இழுக்கும் மின்சிகரெட்; அவன் கேட்ட இலக்கம், அந்தத் திரவத்தின் ஒரு மில்லிலீற்றரில் எத்தனை மில்லிகிராம் நிகொட்டின் இருக்கிறது என்பது. அவன் புகைப்பது எனக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இருந்து பிரித்தானியாவுக்குப் புறப்படும் வேறு பலருக்கும் இதே கேள்வி இருக்கும் என்பதால், அவனுக்குச் சொன்னதையே இங்கு எழுதுகிறேன். ஏற்கெனவே புகைக்கின்ற வயதுவந்தவர்களுக்கு மட்டுமே இது பொருந்தும். புகைக்காதவர் எவரும் வேப்பைத் தொட வேண்டிய தேவையே இல்லை. நிகொட்டின் பிடித்தால் இலேசில் விடாது.

சட்ட விடயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அங்கு வேப் வாங்குவதற்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளின்படி ஒரு மில்லிலீற்றர் திரவத்தில் 20 மில்லிகிராமுக்கு மேல் நிகொட்டின் இருக்கக் கூடாது. நிகொட்டின் கலந்த போத்தல் 10 மில்லிலீற்றரையும், கருவியின் தாங்கி 2 மில்லிலீற்றரையும் தாண்டக் கூடாது. ஒருமுறை பாவித்து எறியும் வகைகள் 2025 ஜூன் 1 முதல் தடை. எனவே மேசைக்கு அடியிலிருந்து எடுத்து, "ஐந்து வீதம், நல்ல சாமான்" என்று எவராவது நீட்டினால், அது ஒரு மில்லிலீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பதையும், சட்டத்துக்கு வெளியே வந்த பொருள் என்பதையும் அந்த இடத்திலேயே விளங்கிக்கொள்ள வேண்டும். இரண்டு வீதம் என்பதுதான் 20 மில்லிகிராம். இரண்டு என்றதும் சிறிய தொகை என்று நினைப்பவர்கள் நம்மில் அதிகம்.

நான் அடிபட்ட இடம் வேறு. ஊரில் தேத்தண்ணிக் கடையில் உதிரியாக ஒன்று, இரண்டு வாங்கிப் புகைத்துப் பழகிய எனக்கு, அங்கு இருபது கொண்ட பெட்டியாகத்தான் சிகரெட் விற்கிறார்கள் என்பதே பெரிய அதிர்ச்சி. அதன் விலை அடுத்த அதிர்ச்சி. அறைத்தோழர் ஒருவர் தம்மிடமிருந்த பழைய பெரிய கருவியைத் தந்தார், பச்சைத் தென்னோலையை எரித்தாற்போலப் புகை கக்கும் வகை. திரவம் வாங்கப் போன கடையில் 3, 6, 10, 20 என்று போத்தல்கள் ஒரே விலையில் அடுக்கியிருந்தன. இருபது என்றால் ஒரு பெட்டி சிகரெட்டுக்குச் சமமாக்கும் என்று நானே ஒரு கணக்குப் போட்டு, காசுக்கு மிஞ்சிய இலாபம் என்ற நினைப்பில் அதையே எடுத்தேன். விற்றவர் தமிழர்தான். ஆனாலும் எந்தக் கருவிக்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

களஞ்சியசாலை ஒன்றில் இரவு வேலைக்குப் போகும் வழியில், பஸ் தரிப்பிடத்தில் நின்று ஆறேழு முறை ஆழமாக இழுத்தேன். தொண்டை சிறிதும் கரிக்கவில்லை. பஸ் வருவதற்குள் அந்தக் குளிரிலும் முதுகு வியர்த்து, கை நடுங்கி, குப்பைத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். அன்றைய வேலை போனது. சொல்லாமல் நின்றதற்காக அடுத்த இரண்டு கிழமையும் என்னைக் கூப்பிடவில்லை.

தொண்டை கரிக்காததற்குக் காரணம் அது 'நிக் சோல்ட்' என்ற வகை. சாதாரண நிகொட்டின் திரவம் செறிவு கூடினால் தொண்டையில் சுள்ளென்று பிடித்து, போதும் என்று தானாகவே எச்சரிக்கும். சோல்ட் வகையில் அமிலம் சேர்க்கப்படுவதால் 20 மில்லிகிராம்கூட மென்மையாக இறங்கிவிடும். அது சிகரெட்டைப் போல வாயில் எடுத்துப் பின்னர் உள்ளிழுக்கும் சிறிய 'பொட்' கருவிக்கு உரியது. நேரே நுரையீரலுக்கு இழுக்கும் பெரிய கருவி ஒவ்வொரு இழுப்பிலும் பல மடங்கு திரவத்தை ஆவியாக்குவதால் அதற்கு 3 மில்லிகிராம் அளவே போதும். சிறிய பொட்டில் நாளுக்கு 2 மில்லிலீற்றர் பாவித்தால் 20 மில்லிகிராம் திரவத்தில் 40 மில்லிகிராம் நிகொட்டின் செலவாகும்; பெரிய கருவியில் 10 மில்லிலீற்றர் பாவித்தால் 3 மில்லிகிராம் திரவத்தில் 30. அதே பெரிய கருவியில் நான் ஊற்றிய திரவத்தை ஊற்றினால் 200. அவ்வளவும் உடலில் சேர்வதில்லை என்றாலும் இந்த வித்தியாசம் ஆளைச் சரித்துவிடும்.

என் கதையைக் கேட்டுப் பயந்த அக்கரைப்பற்று நண்பர் மறுபக்கம் விழுந்தார். நாளுக்கு இருபது சிகரெட் புகைத்தவர், சிறிய பொட்டில் 3 மில்லிகிராமை ஊற்றி, காலை முதல் இரவு வரை அதை வாயிலிருந்து எடுக்காமல் இழுத்தும் ஆசை அடங்காமல், பத்து நாளில் பழையபடி சிகரெட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். அவருக்கு உண்மையில் தேவைப்பட்டது 18 அல்லது 20தான். நாளுக்குப் பத்தளவில் புகைப்பவர் பொட் கருவியில் 10 அல்லது 12இல் தொடங்கலாம். ஊரில் போல மாலையில் இரண்டு, மூன்று மட்டும் என்பவருக்கு 6 போதும். எண்ணிக்கையோடு இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: விழித்து அரை மணி நேரத்துக்குள் முதற்சிகரெட்டைத் தேடுபவர் சற்றுக் கூடிய பக்கம் நிற்பது நல்லது. தலை சுற்றினால், குமட்டினால் உடனே நிறுத்திக் குறைந்த செறிவுக்கு இறங்குங்கள். இருதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வைத்தியரைக் கேட்காமல் எதையும் தொடங்கக் கூடாது.

பெரிய போத்தலில் மலிவாகக் கிடைக்கும் 'ஷோர்ட்ஃபில்' திரவத்தில் நிகொட்டின் இராது. 50 மில்லிலீற்றர் கொண்ட அந்தப் போத்தலுக்குள் ஒரு மில்லிலீற்றருக்கு 18 மில்லிகிராம் நிகொட்டின் கொண்ட 'ஷொட்' என்ற சிறு போத்தல் ஒன்றை, அதாவது 10 மில்லிலீற்றரை, ஊற்றிக் குலுக்கினால் 60 மில்லிலீற்றரும் 3 மில்லிகிராம் செறிவுக்கு வரும். அது பெரிய கருவிக்கானது. சிறுபிள்ளைகள் உள்ள வீட்டில் இந்தப் போத்தல்களைப் பூட்டி வைக்க வேண்டும். பழவாசம் வீசினாலும் உள்ளே இருப்பது நஞ்சு.

ஊருக்கு வரும்போது கருவியைக் கொண்டுவர வேண்டாம். இலங்கையில் மின்சிகரெட் விற்பனைக்குத் தடை இருக்கிறது. சிங்கப்பூர் வழியாக வருபவருக்கு அங்கு அதை வைத்திருப்பதே குற்றம். நான் என்னுடையதை லண்டன் அறையின் லாச்சியில் விட்டுவிட்டு, தோளில் நிகொட்டின் பட்டி ஒட்டிக்கொண்டு வந்தேன். நேற்றுக் குளிக்கும்போது அம்மா அதைக் கண்டு, "என்ன மனே, காயமா?" என்று கேட்டதற்கு ஓம் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.