மவுஸா, டேப்லெட்டா? பாலமும் ஆவுளியாவும் வரைந்து பார்த்து முடிவெடுங்கள்

தங்கச்சிமடத்திலிருந்து போன வாரம் கடைக்கு வந்த தம்பி ஒருவர், "அண்ணே, டேப்லெட் வாங்கினால்தான் டிசைன் வேலை வருமா?" என்று கேட்டார். மண்டபத்தில் ஸ்டிக்கர் கடை வைத்திருக்கும் என்னிடம் பலரும் கேட்கும் கேள்விதான் இது. டேப்லெட் என்று இங்கே சொல்வது, கணினியோடு இணைத்து அதற்கான பேனாவால் வரையும் பலகையை. கடன் வாங்கி டேப்லெட் வாங்கியவர்கள் அதை இரண்டே மாதத்தில் மூட்டை கட்டி வைப்பதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. ஆகவே பணத்தை எடுப்பதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். கணினி, மவுஸ், ஒரு பென்சில், இங்க்ஸ்கேப், கிரிட்டா ஆகிய இரண்டு இலவச மென்பொருள்கள் இருந்தால் போதும்.

முதல் படி: பாலம்

இங்க்ஸ்கேப்பில் புதிய பாம்பன் ரயில் பாலத்தை வரையுங்கள். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தில் இரண்டு கோபுரங்கள், அவற்றுக்கு நடுவே மேலே எழும்பும் 72.5 மீட்டர் நீளமுள்ள தூக்குப் பகுதி, இருபுறமும் வரிசையாகத் தூண்கள். செவ்வகக் கருவியால் ஒரே ஒரு தூணை வரையுங்கள். கண்ட்ரோல் விசையுடன் டி (D) விசையை அழுத்தினால் நகல் கிடைக்கும். கண்ட்ரோலைப் பிடித்தபடியே இழுத்தால் நகல் மேலே கீழே ஆடாமல் நேராக நகரும். இந்த வேலைக்கு மவுஸை மிஞ்சிய கருவி கிடையாது. கையை எடுத்தாலும் அது வைத்த இடத்திலேயே நிற்கும்.

பாலத்துக்குக் கீழே ஒரு படகையும் சேருங்கள். பி (B) விசையை அழுத்தினால் பேனா கருவி வரும். ஓரிடத்தில் சொடுக்கி, அடுத்த இடத்தில் சொடுக்கிய விரலை எடுக்காமல் இழுத்தால் கோடு வளையும். முடிந்ததும் என்டர். பிறகு என் (N) விசையை அழுத்திப் புள்ளிகளை நகர்த்திச் சரிசெய்யலாம். அணியத்தின், அதாவது படகு முனையின், வளைவுக்கு இரண்டு, மூன்று புள்ளிகள் போதும். ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரத்தின் கத்தி நீங்கள் போட்ட கோட்டின் மேலேயேதான் போகும். புள்ளிகள் நெருங்கினால் ஓரம் பிசிறடிக்கும்.

படகின் பெயரைத் தமிழில் எழுதினால், வெட்டக் கொடுப்பதற்கு முன் அந்த எழுத்தை உருவப் பாதையாக மாற்றிவிடுங்கள். பாத் (Path) பட்டியலில் அதற்கான கட்டளை இருக்கிறது. மாற்றாமல் கொடுத்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் படகின் பெயர் வேறு வடிவத்தில் வந்து நிற்கும்.

இரண்டாம் படி: ஆவுளியா

இப்போது மன்னார் வளைகுடாவின் ஆவுளியாவை, அதாவது கடற்பசுவை, முதலில் காகிதத்தில் பென்சிலால் வரையுங்கள். கடற்புல் மேய்வதற்காகக் கீழ்நோக்கி வளைந்த மூக்கு, துடுப்பில்லாத முதுகு, ஓங்கிலை (டால்பினை) போலப் பிளவுபட்ட வால். அடுத்து, அதையே கிரிட்டாவில் மவுஸால் வரையுங்கள். கோடு முழுவதும் ஒரே தடிமனாக வரும். மவுஸ் கணினிக்கு இடத்தையும் சொடுக்கையும் மட்டுமே சொல்லும். எவ்வளவு அழுத்துகிறீர்கள் என்பதை அதனால் சொல்ல முடியாது. டேப்லெட்டின் பேனா சொல்லும். முதுகில் அழுத்தி வாலில் மெலியும் கோடு அங்கிருந்துதான் பிறக்கிறது.

இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காகிதத்தில் உயிரோடு இருக்கும் ஆவுளியா திரையில் விறைத்துப் போயிருந்தால், டேப்லெட் உங்களுக்கு உண்மையாகவே உதவும். காகிதத்திலேயே விறைத்திருந்தால் இன்னும் சில மாதங்கள் பென்சிலோடு இருங்கள். உங்களுக்கு வரும் வேலை படகுப் பெயரும் கடைப் பலகையும்தான் என்றால் மவுஸே போதும். கீழக்கரை தொதல் இனிப்புப் பொட்டலத்துக்குக் கையால் வரைந்த பனைமரம் கேட்கிறார்கள், குழந்தைகள் கதைக்குப் படம் கேட்கிறார்கள் என்றால் டேப்லெட் வாங்குங்கள்.

வாங்குவதென்றால்

திரையில்லாத சிறியதே தொடக்கத்துக்குப் போதும். வரையும் பரப்பு ஏறத்தாழ 15 செ.மீ. அகலமும் 9 செ.மீ. உயரமும் இருந்தால் மணிக்கட்டை அசைத்தே வரையலாம். 2048 அழுத்த நிலைகளா, 8192 நிலைகளா என்று குழம்ப வேண்டாம். புதிய கைக்கு வேறுபாடு தெரியாது. மின்கலம் தேவைப்படாத பேனாவாக இருக்கட்டும்.

இணைத்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, அமைப்பில் டேப்லெட் பரப்பின் விகிதத்தைத் திரையின் விகிதத்தோடு பொருத்துவது. இது தெரியாமல் நான் முதலில் வரைந்த வலம்புரிச் சங்கு, எத்தனை முறை வரைந்தாலும் அமுங்கியே வந்தது. என் கையைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். வட்டமான மூடி ஒன்றை டேப்லெட்டின் மேல் வைத்துச் சுற்றி வரையுங்கள்; திரையிலும் வட்டமாக வந்தால் சரி. பிறகு தினமும் அரை மணி நேரம், கையைப் பார்க்காமல் திரையை மட்டும் பார்த்து வரையுங்கள். வலை பொத்துகிறவர்களின் விரல்கள் பேச்சுக்கு நடுவிலும் தவறாமல் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பழக்கம்தான் இங்கும் வர வேண்டும்.

நம் கரையில் உப்புக் காற்றும் மணலும் பெரிய பகை. ஒரு மணல் துகள் போதும், பரப்பில் கீறல் விழும், பேனா முனையும் வேகமாகத் தேயும். வரைவதற்கு முன் மெல்லிய துணியால் துடைத்துவிடுங்கள். கேபிளைக் கழற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு மூடிய பெட்டியில் வையுங்கள். முனை ஒரு பக்கம் சரிந்து தேய்ந்து கூராகிவிட்டால் அன்றே மாற்றிவிடுங்கள். மாற்று முனைகள் பெரும்பாலும் டேப்லெட்டோடு வரும் பெட்டியிலேயே இருக்கும்.