கம்ப்யூட்டர் ஸ்பீக்கரை ஹோம் தியேட்டர் ஆக்குகிறவர்கள் செய்யும் தவறுகள்

தீபாவளி நெருங்கினால் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எனக்கு இரண்டாவது வேலை ஒன்று வந்துவிடும். லயத்தை (தோட்டத்து வரிசை வீட்டை) விட்டுத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு மாறியவர், போனஸ் கிடைத்த செம்பனைத் தோட்டத்து ஆள், படிப்பு முடிந்து வந்த பையன் என்று யாராவது கூப்பிடுவார்கள். "அண்ணே, கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் 5.1 செட் ஒன்னு மலிவா கெடச்சுச்சு, டிவியில மாட்டிக் குடுங்களேன்."

5.1 என்றால் ஐந்து பெட்டி, தாழ்ந்த ஒலிக்கு ஒரு சப்வூஃபர். யோசனையில் குறை இல்லை. ரிசீவர் தனி, பெட்டிகள் தனி என்று வாங்கப் போனால் ஆயிரம் ஆயிரமாக வெள்ளி (ரிங்கிட்) போகும். கம்ப்யூட்டர் செட்டில் ஆம்ப்ளிஃபயர் சப்வூஃபர் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. தாமான் வீட்டு ஹாலுக்கு அந்தச் சத்தம் தாராளம். ஆனால் போகிற வீட்டிலெல்லாம் அதே கூத்து, ஒரு காலத்தில் நானும் ஆடியதுதான். இடது வலது மாறிப்போவது, பிளக் சரியாக ஏறாதது போன்ற சில்லறைத் தவறுகளை விட்டுவிடுகிறேன். காசு தின்னும் தவறுகள் வேறு.

ஒரு வயரை மூன்றாகப் பிரித்து மாட்டுவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

கம்ப்யூட்டர் 5.1 செட்டின் பின்னால் மூன்று வயர் இருக்கும். பச்சை முன் இரண்டு பெட்டிகளுக்கு, கறுப்பு பின் இரண்டுக்கு, ஆரஞ்சு நடுப்பெட்டிக்கும் சப்வூஃபருக்கும். டிவியிலோ ஹெட்ஃபோன் துளை ஒன்றுதான். உடனே நம் ஆள் கடைக்குப் போய்ப் பிரிப்பான் வாங்கி, அந்த ஒரு துளையிலிருந்து மூன்று வயருக்கும் இணைப்புக் கொடுத்துவிடுவார். எல்லாப் பெட்டியும் பாடும். வீட்டில் கைதட்டல்.

எல்லாப் பெட்டியும் பாடுவது சரவுண்ட், அதாவது நம்மைச் சுற்றி வரும் ஒலி, ஆகாது. ஹெட்ஃபோன் துளையிலிருந்து வருவது இடது, வலது என்ற இரண்டே தடம். அதே இரண்டைத்தான் பின்பெட்டிகளும் திருப்பிச் சொல்கின்றன. ஆரஞ்சு வயரில் இன்னும் மோசம்: அதன் ஒரு கம்பி நடுப்பெட்டிக்கு, மறு கம்பி சப்வூஃபருக்கு. ஆக, நடுப்பெட்டி இடது பக்கத்து ஒலியை மட்டும் பேசும், சப்வூஃபர் வலது பக்கத்து ஒலியை மட்டும் வாங்கும். சில செட்டில் இது தலைகீழாக இருக்கும். வலது தடத்தில் மட்டும் இருக்கும் ஒலி வந்தால் நடுப்பெட்டி ஊமையாகிவிடும்.

சந்தேகமா? பின்பெட்டியில் காதை வைத்துப் பாருங்கள். கதாநாயகன் பேசும் வசனம் அங்கேயும் முன்பக்கம் போலவே தெளிவாகக் கேட்டால், ஓடுவது வெறும் நகல். சரியான 5.1 ஒலியில் வசனத்தின் பெரும்பகுதி நடுப்பெட்டியில் இருக்கும். பின்னால் மழை, கூட்டத்தின் இரைச்சல், பின்னணி இசையின் மிச்சம்தான் வரும்.

படத்தின் 5.1 ஒலி பெரும்பாலும் டால்பி டிஜிட்டல் அல்லது டிடிஎஸ் என்ற சுருக்கிய வடிவில் வருகிறது. அதை ஆறு தடமாக விரித்துக் கொடுக்க ஒரு டிகோடர் வேண்டும். சாதாரணக் கம்ப்யூட்டர் செட்டில் அது கிடையாது. அந்த வேலையைக் கம்ப்யூட்டர் செய்துவிடும் என்ற கணக்கில் செய்த சாமான் அது. லாஜிடெக் இசட்906 மாதிரி சில செட்டுகளில் டிகோடரும் ஆப்டிகல் துளையும் (ஒலியை ஒளியாக வாங்கும் இணைப்பு) சேர்ந்தே வரும். விலையும் அதற்கேற்ற மாதிரி ஏறும்.

இதை அறியாத தோட்டத்து அண்ணன் ஒருவர் அடுத்த படிக்குப் போனார். இணையத்தில் தீப்பெட்டி அளவில் விற்கும், ஆப்டிகல் ஒலியைச் சாதாரண வயர் ஒலியாக்கும் மாற்றி ஒன்றை வாங்கி மாட்டினார். சத்தமே இல்லை. சாமான் கெட்டது என்று இன்னொன்று வாங்கினார். அதுவும் கர்ரென்று இரைந்து ஓய்ந்தது. டிவியே கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி, செட்டைப் பாதி விலைக்கு மச்சானிடம் தள்ளிவிட்டு, ஈப்போவுக்குப் போய் சவுண்ட்பார் வாங்கி வந்தார். கெட்டது எதுவும் இல்லை. அந்தக் குட்டி மாற்றிக்கு பிசிஎம் (சுருக்காத டிஜிட்டல் ஒலி) மட்டும்தான் புரியும். டிவி டால்பியை அனுப்பிக்கொண்டிருந்தது. டிவி அமைப்பில் பிசிஎம் என்று மாற்றியிருந்தால் சத்தம் வந்திருக்கும். வந்தாலும் அது ஸ்டீரியோதான், ஏனென்றால் ஆப்டிகல் வயரில் பிசிஎம் இரண்டு தடத்துக்கு மேல் போகாது.

அவர் வாங்கியிருக்க வேண்டியது 5.1 டிகோடர் பெட்டி. வாங்கும் முன் அதன் பின்பக்கப் படத்தைப் பாருங்கள். வெளியே போகும் துளைகள் 3.5 மி.மீ. அளவில் மூன்றோ, ஆர்சிஏ (பழைய டிவிடி பிளேயரில் இருக்கும் வட்டத் துளை) வகையில் ஆறோ இருக்க வேண்டும். இரண்டே இருந்தால் தொடாதீர்கள். டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் இரண்டும் எழுதியிருக்க வேண்டும். மாட்டிய பிறகு டிவியின் ஒலி வெளியீட்டை பிட்ஸ்ட்ரீம் (சுருக்கிய ஒலியை அப்படியே அனுப்புவது) அல்லது டால்பி டிஜிட்டல் என்று வையுங்கள். இன்னொரு கண்ணி: எச்டிஎம்ஐ வழியாக வரும் ஒலியை ஆப்டிகலில் ஸ்டீரியோவாகக் குறைத்து அனுப்பும் டிவிகள் உண்டு. அப்படியானால் ஆண்ட்ராய்டு பெட்டியையோ பிளேயரையோ நேராக டிகோடரில் மாட்டிக்கொள்ளுங்கள்.

இந்தத் தலைவலியே வேண்டாம் என்றால், மூன்று துளை உள்ள பழைய டெஸ்க்டாப் ஒன்றை டிவிக்குப் பக்கத்தில் வையுங்கள். படம் எச்டிஎம்ஐ வழியாக, ஒலி மூன்று வயர் வழியாக. விஎல்சி என்ற வீடியோ மென்பொருள் தானே டால்பியையும் டிடிஎஸ்ஸையும் பிரித்துக் கொடுக்கும். என் வீட்டில் இதுதான் ஓடுகிறது.

விண்டோஸில் ஸ்டீரியோவாகவே விட்டுவிடுவது

மூன்று வயரும் சரியாக மாட்டி, ஒலி அமைப்பில் 5.1 என்று தேர்ந்தெடுக்க மறந்தவர்களைக் கணக்கே வைக்க முடியாது. அங்கேயே சோதனைப் பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் ஒவ்வொரு பெட்டியாகக் குரல் கொடுக்கும். எச்டிஎம்ஐ வயரை மாட்டியதும் விண்டோஸ் ஒலியை டிவி பக்கம் திருப்பிவிடும், அதையும் திரும்ப மாற்றுங்கள். உதடு ஒரு பக்கம் சத்தம் ஒரு பக்கமாகப் போனால், விஎல்சியில் ஜே, கே விசைகள் ஒலியை 50 மில்லிசெகண்ட் வீதம் முன்னும் பின்னும் நகர்த்தும்.

லேப்டாப்பின் ஒரே துளையை நம்புவது

அதுவும் ஸ்டீரியோதான். யுஎஸ்பி 5.1 சவுண்ட் கார்டு வாங்குங்கள்.

நடுப்பெட்டியை டிவிக்குப் பின்னால் ஒளிப்பது

அழகுக்காகச் செய்கிறார்கள். பிறகு "வசனம் கேக்கல, சண்டை மட்டும் காது கிழியுது" என்று புலம்பல். நடுப்பெட்டி டிவிக்கு நேர் கீழே, முகம் வெளியே தெரிய, உட்காருபவரின் காதைப் பார்த்துச் சற்று நிமிர்ந்து இருக்க வேண்டும். பின்பெட்டிகளை முதுகுக்கு நேர் பின்னால் வைக்காதீர்கள். டிவியைப் பார்த்து உட்கார்ந்த நிலையில் பக்கவாட்டுக்குக் கொஞ்சம் பின்னால், டிவி இருக்கும் திசையிலிருந்து ஏறக்குறைய 110 பாகை. தகரக் கூரை வீடாக இருந்தால் மழை நாளில் மொத்தச் சத்தத்தையும் கூட்டாமல், நடுப்பெட்டியை மட்டும் இரண்டு புள்ளி ஏற்றுங்கள்.

சப்வூஃபரை சோபாவுக்குப் பின்னால் தள்ளுவது

தாழ்ந்த ஒலிக்குத் திசை தெரியாது, எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். பெரிய பெட்டிகளுக்கு அது சரி. நம் செட்டில் சுற்றுப்பெட்டிகள் கைக்குள் அடங்கும் அளவு. அவற்றால் கீழ் ஒலியைத் தூக்க முடியாது என்று ஆண் குரலின் அடிப்பகுதியைக்கூட சப்வூஃபர்தான் பேசுகிறது. பின்னால் வைத்தால் வில்லனின் கனம் உங்கள் பிடரியிலிருந்து வரும். முன்பக்கமே வையுங்கள். மூலையில் திணித்தால் பாஸ் குமுறும், சுவரிலிருந்து நகர்த்திப் பாருங்கள்.

பிஎம்பிஓ வாட்ஸைப் பார்த்து வாங்குவது

பிஎம்பிஓ என்பது கண நேர உச்சத்தை ஊதிப் பெருக்கிய எண். தொடர்ந்து தரும் சக்தியைச் சொல்லும் ஆர்எம்எஸ் எண்ணை மட்டும் பாருங்கள்.

இடிக்கும் பல்லிக்கும் வழி விடுவது

மதியத்துக்கு மேல் வானம் கறுத்தால் சுவிட்சை அணைப்பதோடு நிறுத்தாதீர்கள். பிளக்கைப் பிடுங்குங்கள், கூரையின் சாட்டிலைட் தட்டிலிருந்து ஆஸ்ட்ரோ (கட்டண டிவி) பெட்டிக்கு வரும் வயரையும் கழற்றுங்கள். மின்னல் அந்த வயர் வழியாக இறங்கி, எச்டிஎம்ஐ வழியாக டிவிக்குப் போய், அங்கிருந்து ஸ்பீக்கர் வரை சுட்டுவிட்டுப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

சப்வூஃபரின் காற்றுத் துளை பல்லிக்குப் பிடித்த இடம். உள்ளே மின்சுற்றுப் பலகை சூடாக இருக்கும், படுத்துக்கொள்ளும், ஒருநாள் பலகையோடு சேர்ந்து கருகும். துளையில் மெல்லிய கொசுவலைத் துண்டை ஒட்டிவிடுங்கள். பழைய செட் வாங்கும்போது டார்ச் அடித்து உள்ளே எட்டிப் பாருங்கள்; பல்லி எச்சம் தெரிந்தால் பேரம் பேசவே வேண்டாம்.

ஸ்பீக்கரில் ஓயாமல் ம்ம்ம் என்ற இரைச்சல் வந்தால், லேப்டாப் சார்ஜரையும் ஆஸ்ட்ரோ வயரையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றும்போது இரைச்சல் நிற்கிறதோ அங்கேதான் கோளாறு. லேப்டாப்தான் காரணம் என்றால் அதற்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே, எர்த் வழியாக வரும் இரைச்சலைத் தடுக்கும் கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் ஒன்றைப் போட்டால் அடங்கும். சிலர் மூன்று முள் பிளக்கில் எர்த் இணைப்பைத் துண்டித்து இரைச்சலை நிறுத்துகிறார்கள். குழந்தைகள் தொடும் சாமானில் அந்த வேலையை மட்டும் செய்யாதீர்கள்.