கொண்டோவில் தண்ணீர் ஒழுகினால் டிடக்டிபிள் யார் தலையில்?

இரவு 11 மணிக்குக் கீழ்வீட்டு அக்கா கதவைத் தட்டி, "தம்பி, உங்கட வீட்டுத் தண்ணி எங்கட குசினி லைட்டுக்குள்ளால வருது" என்றபோதுதான், வோஷிங் மெஷினுக்குப் பின்னால் இருந்த ரப்பர் குழாய் வெடித்த விஷயமே எனக்குத் தெரியும். தண்ணீரை அள்ளி முடிக்க ஒரு இரவு போனது. காசு யார் கட்டுவது என்று பேசி முடிக்க ஏழு மாதம். அந்த ஏழு மாதத்தில் படித்ததைத்தான் எழுதுகிறேன். இது கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் கொண்டோ (அடுக்குமாடிக் கட்டடத்தில் சொந்த வீடு) வைத்திருப்பவர்களுக்கு, மற்ற மாகாணங்களில் சட்டம் வேறு.

கட்டடத்துக்குக் கோர்ப்பரேசன், அதாவது வீட்டுக்காரர் எல்லாரையும் சேர்த்த நிர்வாக அமைப்பு, ஒரு காப்புறுதி எடுத்திருக்கும். அதில் ஒரு டிடக்டிபிள் இருக்கும், அதாவது காப்புறுதிக் கம்பனி தராமல் நம் பக்கம் விடும் முதல் தொகை. சேதம் 60,000 டொலர், டிடக்டிபிள் 25,000 என்றால் காப்புறுதிக் கம்பனி 35,000 தரும், மிச்சம் 25,000 யாரோ ஒருவர் கட்டவேண்டும். சண்டை எல்லாம் அந்த 25,000 பற்றித்தான். கொண்டோமினியம் சட்டம், 1998, பிரிவு 105 சொல்வது இதுதான்: பொதுவாக அந்தத் தொகை பொதுச் செலவு, அதாவது எல்லா வீட்டுக்காரரும் மாதாமாதம் கட்டும் மெயின்டனன்ஸ் வழியாகப் பங்குபோட்டுக் கட்டுவது. ஆனால் சொந்தக்காரரோ, வாடகைக்கு இருப்பவரோ, சொந்தக்காரரின் சம்மதத்தோடு அங்கே தங்கியிருப்பவரோ ஏதாவது செய்ததால், அல்லது செய்யவேண்டியதைச் செய்யாமல் விட்டதால், அந்த வீட்டுக்கே சேதம் வந்தால், திருத்தச் செலவு, டிடக்டிபிள் இரண்டில் எது குறைவோ அது அந்த வீட்டுக்காரரின் கணக்கில் ஏறும்.

இந்த "எது குறைவோ" என்பதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். எனக்கு முதலில் வந்த கடிதத்தில் 25,000 என்று போட்டிருந்தார்கள். திருத்திய பில்களைக் கேட்டு வாங்கிக் கூட்டிப் பார்த்தால் மொத்தமே 18,000 தான். வேண்டுமென்று செய்தார்கள் என்று சொல்லமாட்டேன், ஆனால் நான் கேட்டிராவிட்டால் அந்த 7,000 திரும்பி வந்திருக்காது.

இன்னொன்றையும் கவனியுங்கள். சட்டம் சொல்வது உங்கள் சொந்த வீட்டுக்கு வந்த சேதத்தை மட்டும். கீழ்வீட்டுக் கூரையும் நடைபாதைக் கம்பளமும் நனைந்தால் என்ன? சட்டத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் அது பொதுச் செலவு. ஆனால் நிறையக் கட்டடங்கள் இதற்கென்றே ஒரு பைலோ (கட்டடத்தின் உள்விதி) போட்டு, மற்ற வீடுகளுக்கும் பொது இடங்களுக்கும் வந்த சேதத்தையும் தண்ணீர் புறப்பட்ட வீட்டுக்காரர் தலையில் கட்டியிருக்கின்றன. எங்கள் கட்டடமும் அப்படித்தான். வாங்கும்போது வக்கீல் தந்த பெரிய கட்டுக்குள் அந்தப் பைலோ இருந்திருக்கிறது, நான் திறந்தே பார்க்கவில்லை. ஆகவே முதல் வேலை, டிக்ளரேசனையும் (கட்டடத்தின் அடிப்படை ஆவணம்) பைலோக்களையும் எடுத்து டிடக்டிபிள் என்ற சொல் வரும் இடமெல்லாம் படியுங்கள். கையில் இல்லையென்றால் மனேஜ்மென்டிடம் ஆவணக் கோரிக்கைப் படிவம் கொடுங்கள், 30 நாளுக்குள் பதில் தரவேண்டும். தராமல் இழுத்தடித்தால் கொண்டோ தகராறுகளைக் கேட்கும் கொண்டோமினியம் அதோரிட்டி டிரைபியூனலுக்குப் போகலாம்.

சரி, கடிதம் வந்துவிட்டது, என்ன செய்வது? வாய்ப்பேச்சு வேண்டாம், எல்லாம் ஈமெயிலில். எந்தப் பிரிவின்படி, எந்தப் பைலோவின்படி கேட்கிறீர்கள், பிளம்பர் என்ன காரணம் எழுதியிருக்கிறார், பில்கள் எங்கே என்று கேளுங்கள். சுவருக்குள் ஓடும் பொதுக் குழாய் உடைந்தது என்றால் கதையே வேறு, அது அநேகமாகக் கோர்ப்பரேசனின் பொறுப்பு. உடைந்த பொருளை எறியவும் வேண்டாம். என்னுடைய குழாய் ஏழு மாதமும் ஒரு மளிகைக்கடைப் பையில் கிடந்தது, பித்தளை முனை வரைக்கும் துருவும் உப்பும் படிந்து. அதைப் பார்த்தபிறகு "செய்யாமல் விட்டது" என்பதற்கு மறுத்துச் சொல்ல என்னிடம் வாய் இருக்கவில்லை, அது வேறு விஷயம்.

ஆனால் கோபத்தில் கட்டாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். இந்தத் தொகை பொதுச் செலவாக உங்கள் கணக்கில் ஏறுவதால், கட்டாவிட்டால் வீட்டின் மேல் லீன் (பாக்கிக்காக வீட்டின் மேல் பதியும் உரிமை) போடலாம், அது வங்கிக் கடனுக்கும் முன்னால் நிற்கும், வக்கீல் செலவும் சேரும். கையில் காசு இருந்தால் "மறுப்போடு கட்டுகிறேன்" என்று எழுதிவைத்துக் கட்டிவிட்டுப் பிறகு வழக்காடலாம்.

அப்புறம் உங்கள் சொந்தக் காப்புறுதி. கடிதம் வந்த அன்றே அவர்களுக்குச் சொல்லுங்கள், பிந்தினால் அதையே சாட்டாகச் சொல்வார்கள். எனக்குக் காப்புறுதி இருந்தது, ஆனால் கோர்ப்பரேசனின் டிடக்டிபிளுக்குத் தருவது 10,000 வரைதான் என்று ஒரு வரி இருந்தது. மிச்சம் 8,000 கைக்காசு. கட்டடத்தின் டிடக்டிபிள் எவ்வளவு என்று வருஷாவருஷம் மனேஜ்மென்டிடம் எழுத்தில் கேட்டு, அந்த எண்ணை அப்படியே புரோக்கரிடம் சொல்லி, "இதற்கு முழுதாகக் கவரேஜ் இருக்கிறதா, தண்ணீர்ச் சேதத்துக்கு வேறு எல்லை வைத்திருக்கிறீர்களா" என்று கேளுங்கள். கம்பளத்தைக் கழற்றி மரத்தளம் போட்டவர்கள், குசினியைப் புதுப்பித்தவர்கள் அதையும் சொல்லவேண்டும், கோர்ப்பரேசனின் காப்புறுதி நீங்கள் செய்த மேம்பாடுகளுக்குத் தராது.

வீட்டை வாடகைக்கு விட்டிருந்தால், வாடகைக்காரர் செய்த சேதத்துக்கும் கோர்ப்பரேசன் உங்களிடம்தான் வரும், அவரிடம் வாங்குவது உங்கள் பாடு. வாடகைக்காரரும் காப்புறுதி எடுக்கவேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி, சாவி கொடுக்குமுன் அதன் பிரதியை வாங்கிக்கொள்ளுங்கள்.

அல்பேர்ட்டாவில் வீடு வாங்கப்போகிற உறவுக்காரருக்கு இதைச் சொல்லிவைக்கலாம்: அங்கே 2020 ஜனவரி முதல், சேதம் உங்கள் வீட்டிலிருந்து புறப்பட்டால் பிழை யாருடையது என்று பார்க்காமலே 50,000 டொலர் வரை உங்களிடம் கேட்கலாம்.

நான் இப்போது எஃகுப் பின்னல் போட்ட குழாய் மாட்டியிருக்கிறேன், வாங்கிய பில்லையும் எடுத்து வைத்திருக்கிறேன். வெளியூர் போகும்போது மெஷினுக்குப் பின்னால் இருக்கும் வால்வை மூடிவிட்டுத்தான் கதவைப் பூட்டுவது.