மகளிர் சுயஉதவிக் குழு தொடங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையை ஒட்டிய திருவள்ளூர், செங்கல்பட்டு மாவட்ட ஊராட்சிகளில் தொடங்கப்படும் மகளிர் குழுக்கள் பலவற்றில், முதல் கூட்டத்துக்கு முன்பே கோணல் விழுந்துவிடுகிறது. வங்கிக் கடன் வாங்கித் தருவதாகச் சொல்லி ஆள் சேர்ப்பதே அந்தக் கோணல். தமிழ்நாட்டில் 1989-இல் தர்மபுரி மாவட்டத்தில் வேரூன்றிய இந்த முறையில் சேமிப்பு முதலில் வருகிறது. சேமித்த பணத்திலிருந்து உறுப்பினர்களுக்குள் கடன் கொடுத்து வாங்கிப் பழகிய பிறகே வங்கியை அணுக வேண்டும். தொடங்கி ஆறு மாதமேனும் ஒழுங்காக நடந்த குழுவையே, கடன் பெறத் தகுதி உள்ளதா என்று பார்க்கும் தரமதிப்பீட்டுக்கு எடுத்துக்கொள்கிறார்கள். நுண்கடன் நிறுவனங்கள் வசூல் வசதிக்காக அமைக்கும் குழுக்களையும் மக்கள் ‘மகளிர் குழு’ என்றே அழைப்பதால், புதிதாகச் சேரும் பெண்கள் இரண்டும் ஒன்றென்று நினைத்துவிடுகிறார்கள். இந்த வேறுபாட்டை முதல் நாளே விளக்கியாக வேண்டும்.

பத்து முதல் இருபது பேர் என்ற வரம்பை எட்டுவதற்காக, ஒரே வீட்டு மாமியார், மருமகள், நாத்தனார் பெயர்களையெல்லாம் எழுதிக்கொள்வதும் தவறு. அந்த வீட்டில் ஒரு சங்கடம் வந்தால் மூன்று தவணைகள் ஒன்றாக நிற்கும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, படித்தவர் என்பதற்காக, குழுவை முன்னின்று நடத்தும் உறுப்பினரான ஊக்குநர் ஒருவரிடமே தீர்மானப் புத்தகம், சேமிப்புப் பேரேடு, வங்கிப் புத்தகம் ஆகிய அனைத்தையும் ஒப்படைத்துவிடுவது. அவர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனாலும் கணக்கு ஒருவர் வீட்டுப் பீரோவில் இருக்கும்வரை, மற்றவர்கள் பணம் கட்டுகிறவர்களாகத்தான் இருப்பார்களே தவிர, குழுவை நடத்துகிறவர்களாக ஆக மாட்டார்கள். வசூலான தொகை, கொடுத்த கடன், கையிருப்பு ஆகியவற்றை ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும் உரக்கப் படித்து, எழுதப் படிக்கத் தெரியாத உறுப்பினருக்கும் அவருடைய கணக்கு மனத்தில் பதிந்த பிறகே கையொப்பமோ கைரேகையோ பெற வேண்டும். பொறுப்புகளைச் சுழற்சி முறையில் மாற்றுவதென்று தொடக்கத்திலேயே தீர்மானம் எழுதிவிட்டால், பின்னாளில் மாற்றும்போது அது யார்மீதும் சந்தேகம் கொண்டதாகத் தோன்றாது. வெற்றுக் காசோலையில் முன்கூட்டியே கையொப்பமிட்டு வைக்கும் பழக்கத்துக்கு எந்தச் சமாதானமும் ஏற்கத்தக்கதன்று.

கூட்ட நேரத்திலும் கவனம் தேவை. பொன்னேரி, மீஞ்சூர்ப் பக்கத்துப் பெண்கள் பலர் காலையிலேயே மின்சார ரயிலில் நகரத்துக்கு வேலைக்குப் போய்விடுகிறார்கள். அதிகாரி வரும் பகல் நேரத்தையே கூட்ட நேரமாக வைத்தால் அவர்களால் வர முடியாது. வராதவர்கள் சார்பில் வேறு யாரேனும் கையொப்பமிடத் தொடங்குவார்கள். சேமிப்புத் தொகையும், கையில் காசு இல்லாத மாதத்திலும் கடைசி உறுப்பினரால் கட்ட முடிந்த அளவில் இருக்க வேண்டும்.

விலகுவோருக்கான விதியைப் பலர் எழுதுவதே இல்லை. வாடகை வீடு மாறுவதும் வேலைக்காக ஊர் மாறுவதும் இப்பகுதியில் அடிக்கடி நடப்பதால், ஒருவர் விலகினால் அவரது சேமிப்பை எப்போது திருப்பித் தருவது, நிலுவைக் கடனை எப்படிக் கழிப்பது, வட்டி வருவாயில் அவருக்குப் பங்கு உண்டா என்பவற்றை முதல் தீர்மானங்களிலேயே சேர்த்து, எல்லோரிடமும் கையொப்பம் பெற்றுவிட வேண்டும்.