இரண்டு அலுவலகங்களுக்கு இடையே விபிஎன்: முழுப் பயன்பாட்டுக்கு முன் சோதிப்பது எப்படி?

இரண்டு ரவுட்டர்களுக்கு இடையே விபிஎன்னின் டனல் (இணையத்தின் வழியே இரு பக்கத்தையும் இணைக்கும் மறையாக்கப்பட்ட பாதை) உருவாகிவிட்டது என்பதும், ஓர் அலுவலகத்தில் அமர்ந்திருப்பவர் மற்ற அலுவலகத்தின் கோப்பைத் தடையின்றித் திறந்து வேலை செய்கிறார் என்பதும் வெவ்வேறு நிலைகள். முதலாவதைக் கண்டவுடனே சோதனை முடிந்ததாகக் கருதிவிட்டால், மீதிச் சோதனையை ஊழியர்கள்தாம் வேலை நேரத்தில் செய்ய நேரிடும். இங்கே வயர்கார்டு என்ற விபிஎன் மென்பொருளை எடுத்துக்கொள்கிறேன். 2020 மார்ச்சில் வெளியான 5.6 பதிப்பு முதல் அது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே இருக்கிறது, அதன் அமைப்புக் கோப்பும் சில வரிகளில் முடிந்துவிடும். ஐபிசெக் என்ற மற்றொரு விபிஎன் முறையைப் பயன்படுத்துவோருக்கும் சோதனை வரிசை இதுவே. போர்ட் எண்கள், பைட் கணக்கு போன்ற விவரங்கள் மாறும்.

படி 1: முகவரிகளைப் பிரித்தல்

பல ரவுட்டர்கள் 192.168.1.0/24 என்ற முகவரித் தொகுதியுடனேயே வருகின்றன. இரண்டு பக்கமும் அதே தொகுதி இருந்தால், எதிர்ப்பக்கக் கணினி தன் பக்கத்திலேயே இருப்பதாக நினைத்து ஒவ்வொரு கணினியும் அதை உள்ளேயே தேடும். பாக்கெட் (தரவுத் துண்டு) டனலை எட்டவே எட்டாது. எனவே ஒன்றுக்கு 10.10.1.0/24, மற்றொன்றுக்கு 10.10.2.0/24 என முதலிலேயே பிரித்துவிடுங்கள்.

படி 2: ஒரே மேசையில் இரண்டு அலுவலகங்கள்

இரு ரவுட்டர்களையும் ஒரே மேசையில் வைத்து, இணையத்தின் இடத்தில் நடுவே ஒரு லினக்ஸ் கணினியை நிறுத்துங்கள். ஒவ்வொரு ரவுட்டருக்குப் பின்னாலும் ஒரு மடிக்கணினி இருக்கட்டும். வயர்கார்டு வழக்கமாக யுடிபி என்ற அனுப்பும் முறையில் 51820 போர்ட்டைப் பயன்படுத்துகிறது. மறையாக்கச் சாவி தவறாக இருந்தால் அது பிழைச் செய்தி எதையும் அனுப்பாது, மௌனமாகவே இருக்கும். எதிர்ப்பக்கம் இல்லாதபோதும் இடைமுகம் இயங்குவதாகவே காட்டும். ஆகவே கடைசியாக ஹேண்ட்ஷேக் (இரு பக்கமும் ஒன்றையொன்று சரிபார்த்துக்கொள்ளும் உரையாடல்) நடந்த நேரத்தைப் பாருங்கள். போக்குவரத்து இருக்கும்போது அது ஏறத்தாழ 2 நிமிடங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். நடுக் கணினியில் பாக்கெட்டுகளைப் பிடித்துப் பார்த்தால், அந்த யுடிபி பாக்கெட்டுகள் மட்டுமே தென்பட வேண்டும். உள்முகவரிகளில் ஒன்றுகூட வெளியே தெரியக் கூடாது.

படி 3: திரும்பி வரும் வழி

பிங்கை (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனைப் பாக்கெட்டை) ரவுட்டரிலிருந்து அனுப்பாதீர்கள். மடிக்கணினியிலிருந்து எதிர்ப்பக்க மடிக்கணினிக்கு அனுப்புங்கள். ரவுட்டர் பெரும்பாலும் தன் டனல் முகவரியிலிருந்தே பேசுவதால், அதன் வெற்றி உட்பிணையத்தைப் பற்றி எதையும் உறுதிசெய்வதில்லை. பதில் வராவிட்டால், பாக்கெட் போய்ச் சேர்ந்தும் பதில் திரும்ப வழியில்லாமல் இருக்கலாம். நான் ஒருமுறை அரை நாள் முழுவதும் ரவுட்டர் அமைப்பிலேயே பிழையைத் தேடினேன்; இறுதியில் பார்த்தால், எதிர்ப்பக்க அச்சுப்பொறியில் கேட்வே (வேறு பிணையத்துக்குச் செல்லும் வாயில்) முகவரியே நிரப்பப்படாமல் இருந்தது. விண்டோஸ் ஃபயர்வால் வேறு பிணையத்தின் பிங்கை இயல்பாகவே தடுக்கும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

படி 4: பாக்கெட்டின் அளவு

உள்நுழைவு வேலை செய்கிறது, சிறு பக்கங்கள் திறக்கின்றன, பெரிய கோப்பு மட்டும் பாதியில் நின்றுவிடுகிறது என்றால், முதலில் எம்டியு அளவை, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவை, சந்தேகியுங்கள். சாதாரண இணைப்பில் ஒரு பாக்கெட் 1500 பைட் வரை இருக்கலாம். வயர்கார்டு ஐபிவி4 வழியே 60 பைட்டும் ஐபிவி6 வழியே 80 பைட்டும் தன் உறைக்காக எடுத்துக்கொள்வதால், டனலின் வழக்கமான அளவு 1420 (1500 − 80). துண்டாக்கக் கூடாது என்ற குறியுடன் 1392 பைட் பிங் அனுப்புங்கள். தலைப்புகளுக்கான 28 பைட்டும் சேர்ந்து அது சரியாக 1420 ஆகும். அது போக வேண்டும், 1393 மறுக்கப்பட வேண்டும்.

மேசையில் இது எப்போதும் வெற்றி பெறும் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. சில இணையச் சேவைகள் பயன்படுத்தும் பிபிபிஓஇ இணைப்பில் 1492 பைட் மட்டுமே கிடைக்கும். ஐபிவி6 வழியே டனல் ஓடினால் 1420 அதில் அடங்காது. அப்போது 1412 என அமைத்து, டிசிபி எம்எஸ்எஸ் அளவையும் (ஒரு பாக்கெட்டில் தலைப்புகள் நீங்கலான தரவின் உச்ச அளவு) அதைவிட 40 குறைத்து 1372 ஆக்குங்கள். உண்மையான இணைப்புகளில் இந்தப் படியைக் கட்டாயம் மறுபடியும் செய்யுங்கள்.

படி 5: தாமதம்

வேகம் அளக்கும் ஐபெர்ஃப்3 கருவி கொண்டு டனல் இல்லாமலும் டனலுடனும், இரு திசைகளிலும் வேகத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அதன்பின் நடுக் கணினியில் நெட்எம் என்ற லினக்ஸ் கருவி மூலம் போய்வரும் நேரத்தில் 40 மில்லிவினாடி தாமதத்தைச் சேர்த்து, ஊழியர்கள் பயன்படுத்தும் அதே மென்பொருளைத் திறந்து பாருங்கள். ஒரு கோப்பைத் திறக்க 200 முறை கேள்வியும் பதிலும் போய்வர வேண்டுமானால், அதற்கு மட்டுமே 8 வினாடிகள் ஆகும். வேகமான இணைப்பு வாங்கினாலும் அது குறையாது.

படி 6: வேண்டுமென்றே துண்டித்தல்

கேபிளைப் பிடுங்கிச் செருகுங்கள். ஒவ்வொரு ரவுட்டரையும் தனியாகவும், பின்னர் இரண்டையும் ஒன்றாகவும் அணைத்துப் போடுங்கள். யாரும் தொடாமலே டனல் மீள வேண்டும். ஒரு பக்கத்தின் பொது முகவரி மாறினால், அந்தப் பக்கத்திலிருந்து முதல் பாக்கெட் வந்தவுடன் மறுபக்கம் புதிய முகவரியைக் கற்றுக்கொள்ளும். அதற்காக இரு பக்கமும் 25 வினாடிக்கு ஒருமுறை கீப்அலைவ் (இணைப்பை உயிருடன் வைக்கும் சிறு பாக்கெட்) அனுப்பும்படி அமையுங்கள். இரண்டு முகவரிகளும் ஒரே நேரத்தில் மாறினால் இது போதாது. வயர்கார்டு எதிர்ப்பக்கப் பெயருக்கான முகவரியைத் தொடக்கத்தில் மட்டுமே தேடும் என்பதால், அதை மீண்டும் தேடவைக்கும் சிறு நிரல் ஒன்று தேவைப்படும்.

இவை முடிந்த பின், பக்கத்துக்கு இருவரை மட்டும் ஒரு முழு வேலை வாரத்துக்கு டனலில் விடுங்கள். பெரிய கோப்புகளைக் கையாள்பவர்களையே தேர்ந்தெடுங்கள். அந்த வாரம் முடியும் வரை பழைய வழியை மூடாதீர்கள்.