நாலு பேர், மாதம் 2,000 ரூபாய்: சென்னையில் செலவைக் குறைத்து ஊர் சுற்றுவது எப்படி?

சிக்கனம் என்றதும் பலரும் முதலில் நிறுத்துவது சினிமாவையும் வெளியே போவதையும்தான். இரண்டு மாதம் தாக்குப்பிடிப்பார்கள். மூன்றாவது மாதம் சலிப்பில் ஒரே நாளில் 4,000 ரூபாய் போய்விடும். பையில் ஓட்டை போடுவது பெரும்பாலும் டிக்கெட் அல்ல, டிக்கெட்டைச் சுற்றியுள்ள சில்லறைச் செலவுகள். அவற்றை எப்படி வெட்டுவது என்பதுதான் இந்தச் செய்முறை. கணக்கு, அப்பா அம்மா இரண்டு பிள்ளைகள் என்று நாலு பேருக்கு.

படி 1: காசைத் தனியாகப் பிரியுங்கள்

சம்பளம் வந்த அன்றே 2,000 ரூபாயை யுபிஐ லைட்டில் (பணம் கட்டும் செயலிக்குள்ளேயே சில்லறைச் செலவுக்கென இருக்கும் தனிப் பணப்பை) போட்டுவிடுங்கள். கவரில் ரொக்கமாக வைத்தாலும் சரிதான். ஆனால் சில்லறைத் தொல்லை இல்லாததால் எனக்கு யுபிஐ லைட்டே பிடிக்கும். அதில் 5,000 ரூபாய் வரை வைக்கலாம், ஒரு தடவைக்கு 1,000 ரூபாய் வரை பின் எண் இல்லாமலே கட்டலாம்.

பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான். லைட்டில் மீதி போதவில்லை என்றாலோ, தொகை 1,000 ரூபாயைத் தாண்டினாலோ, செயலி வங்கிக் கணக்குக்குப் போய்விடும். கடைக்காரர் எதிரில் நிற்கும் அவசரத்தில் அதை யாரும் கவனிப்பதில்லை. கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. லைட் பின் எண் கேட்காது. ஆகவே பின் எண் கேட்கும் திரை வந்தாலே அங்கேயே நிறுத்துங்கள். அது வீட்டுச் செலவுக்கான பணம். தானாக நிரப்பும் வசதி (ஆட்டோ டாப்-அப்) ஓடுகிறதா என்றும் பாருங்கள். அது ஓடினால் 2,000 என்ற எல்லைக்கே பொருள் இல்லை. லைட்டில் செய்யும் ஒவ்வொரு செலவும் பாஸ்புக்கில் தனித்தனியாக வராது, பணம் ஏற்றிய வரி மட்டும்தான் வரும். எங்கே போனது என்று செயலியில்தான் பார்க்க வேண்டும்.

படி 2: டிக்கெட்டை மட்டும் பார்க்காமல், மொத்தச் செலவைக் கணக்குப் பாருங்கள்

நாலு பேர் மல்டிபிளெக்ஸில் படம் பார்க்கும் உத்தேசக் கணக்கு இது. டிக்கெட் 190 வீதம் 760. இணையத்தில் எடுத்தால் சேவைக் கட்டணம் டிக்கெட்டுக்குச் சுமார் 35 வீதம் 140. போக வர ஆட்டோ 400. இடைவேளையில் பாப்கார்ன், கூல்டிரிங்ஸ் 600. மொத்தம் 1,900. இதில் படத்துக்கான காசு 760 மட்டுமே, பாதி கூட இல்லை.

அதே படம், அதே இருக்கை. கவுன்டரில் எடுத்தால் 140 மிச்சம். புதுப்படத்துக்கு முதல் வார இறுதியில் கவுன்டரை நம்பிப் போகாதீர்கள், இரண்டாவது வாரம் போங்கள். போக வர பஸ் 80. வீட்டில் டிபன் சாப்பிட்டுக் கிளம்பி, படம் முடிந்ததும் டீக்கடையில் வடையும் டீயும் 100. ஆக 940 ரூபாய்.

வெளித்தின்பண்டத்தைத் தியேட்டர்காரர் தடுக்கலாம். அது அவர் உரிமை என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொன்னது. ஆனால் குடிநீர் இலவசமாகத் தர வேண்டும், கைக்குழந்தைக்கான உணவைத் தடுக்கக் கூடாது என்றும் அதே வழக்கில் சொல்லியிருக்கிறது. தண்ணீர் பாட்டில் வாங்கும் முன் குடிநீர்க் குழாய் எங்கே என்று கேளுங்கள்.

படி 3: போக்குவரத்து

சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் பெண்களுக்குப் பயணம் இலவசம். கண்டக்டர் தரும் கட்டணமில்லா டிக்கெட்டை மட்டும் மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். சொகுசுப் பேருந்திலும் ஏசி பேருந்திலும் இது செல்லாது, ஏறும் முன் பலகையைப் பாருங்கள்.

புறநகர் ரயிலுக்குக் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய்தான். ஞாயிறு மாலை கடற்கரைக்குப் போக இதைவிட மலிவாக ஒன்றும் கிடையாது. கவுன்டர் வரிசையைப் பார்த்துப் பயந்து பலர் ஆட்டோவுக்குத் திரும்புகிறார்கள், ரயில்வே செயலியில் எடுக்கப் பழகினால் அந்தப் பிரச்சினை தீரும். ஒரு விஷயம் மட்டும்: காகிதமில்லா டிக்கெட்டை ஸ்டேஷனுக்குள் நின்று எடுக்க முடியாது. தண்டவாளத்துக்கு அருகில் இருக்கிறீர்கள் என்று ஜிபிஎஸ் காட்டினால் செயலி மறுத்துவிடும். வீட்டிலிருந்து கிளம்பும்போதே எடுங்கள். உள்ளே வந்துவிட்டீர்களா? சுவரில் ஒட்டியிருக்கும் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து எடுக்கலாம். ஸ்க்ரீன்ஷாட் செல்லாது, பரிசோதகரிடம் செயலியைத் திறந்துதான் காட்ட வேண்டும். சார்ஜ் தீர்ந்த போன் என்றால் டிக்கெட் இல்லாத பயணம்தான். காகிதமில்லா டிக்கெட்டை ரத்தும் செய்ய முடியாது.

படி 4: மாதத்தில் ஒரு வாரம் மட்டும் செலவு, மற்றவை இலவசம் அல்லது சொற்பம்

ஒரு வாரம் படம் என்றால், ஒரு வாரம் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். அனுமதி இலவசம், பறக்கும் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். குழந்தைகள் பிரிவில் செயற்கை மரத்தடியில் உட்கார்ந்த பிள்ளைகளை எழுப்புவதுதான் கஷ்டம். பையை வெளியே வைக்கச் சொல்வார்கள், வீட்டுப் புத்தகத்தை எல்லா மாடிக்கும் கொண்டுபோக முடியாது. எழும்பூர் அருங்காட்சியகத்துக்குக் கட்டணம் சொற்பம். வெள்ளிக்கிழமை விடுமுறை, அன்று மட்டும் போகாதீர்கள்.

மார்கழியில் பல சபாக்களில் காலை, பிற்பகல் கச்சேரிகளுக்கு டிக்கெட் கிடையாது, மாலைக் கச்சேரிக்குத்தான். நாளைய பெரிய பாடகர்களைக் கைக்கெட்டும் தூரத்தில் கேட்கலாம்.

மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதங்களுக்கும் ஒரே டிக்கெட், 40 ரூபாய். 15 வயதுக்குள் இலவசம். முதலில் பார்த்த இடத்தில் டிக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த வாசலில் மறுபடி வாங்குபவர்கள் நிறைய. நாள் முழுக்கப் பையில் வைத்திருங்கள். தாம்பரத்திலிருந்து 515 பஸ். சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போனால் 500 ரூபாய்க்குள் நாள் முடியும்.

படி 5: கடற்கரைக்குச் சுண்டல்

நாலு பேருக்குக் காய்ந்த வெள்ளைப் பட்டாணி 250 கிராம். 8 மணி நேரம் ஊற வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் உப்பும் சிட்டிகை மஞ்சள்தூளும் சேர்த்துக் குக்கரில் 2 விசில். மூன்றாவது விசில் விட்டால் குழைந்து மசியலாகிவிடும், சோடா உப்பு போட்டாலும் அதே கதிதான். வடித்து, கடுகு, 2 காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டுங்கள்.

தேங்காய்த் துருவலை வீட்டிலேயே கலக்காதீர்கள். சூடான பட்டாணியில் தேங்காயைப் போட்டு டப்பாவை மூடினால், பெசன்ட் நகர் போய்ச் சேர்வதற்குள் ஊசிப்போய்விடும். சுண்டலை நன்றாக ஆறவிட்டு ஒரு டப்பா, தேங்காயும் பொடியாக நறுக்கிய மாங்காயும் இன்னொரு டப்பா. மணலில் உட்கார்ந்த பிறகு கலந்துகொள்ளுங்கள். மிளகாய் பஜ்ஜிக்கு மட்டும் கடைக்குப் போங்கள். அந்தச் சூடு வீட்டிலிருந்து கொண்டுபோனால் வராது.

பின்சேர்க்கை

"போன் மாற்றினேன், லைட்டில் இருந்த 600 ரூபாயைக் காணோம்" என்ற கேள்வி வந்தது. லைட்டின் மீதி அந்தப் போனோடும் அந்தச் செயலியோடும் கட்டுண்டது. போனை மாற்றும் முன், செயலியை நீக்கும் முன், லைட்டை முடக்கினால் பணம் கணக்குக்குத் திரும்பிவிடும். முடக்காமல் மாற்றிவிட்டவர்கள் வங்கியில் புகார் கொடுக்க வேண்டும்.

மாதக் கடைசியில் 300 மிஞ்சினால் என்ன செய்வது என்றும் கேட்டார்கள். வீட்டுச் செலவில் கலக்காதீர்கள், லைட்டிலேயே கிடக்கட்டும். நந்தனத்தில் புத்தகக் காட்சி தொடங்கும்போது புத்தகத்துக்கு 10 சதவீதத் தள்ளுபடி. சேர்ந்த தொகையைப் பிள்ளைகள் கையில் கொடுத்து, அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.